தோட்டாக் கூட்டை அளவாக வெட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், பாபநாசம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பிள்ளைகள் இன்று எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா போனவர்களில் சிலர் அங்கே முறையாக உரிமம் எடுத்து, இலக்குச் சுடும் கிளப்பில் சேர்ந்து, சுட்ட தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பவும் கற்றுக்கொள்கிறார்கள். நானும் ஆஸ்திரேலியாவில் வேலை பார்த்த காலத்தில் .308 ரைபிளோடு கிளப்பில் இருந்தவன். இப்போது கும்பகோணத்தோடு வந்துவிட்டேன். ஆனாலும் அங்கிருந்து போன் வருவது நிற்கவில்லை, கேட்கிற கேள்வியும் மாறவில்லை. அதிலும் கூட்டை வெட்டி அளவாக்கும் வேலையில்தான் சந்தேகம் அதிகம். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

மருந்து (வெடிமருந்து) எவ்வளவு போடுவது என்பது இந்தப் பக்கத்தில் இல்லை. அதற்கு மருந்து தயாரிக்கும் நிறுவனம் வெளியிடும் அட்டவணை ஒன்றைத்தான் நம்ப வேண்டும். யார் சொன்னாலும், நானே சொன்னாலும், வாய்வழி அளவை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணே, சுட்ட தோட்டா முடிஞ்சு போச்சுல்ல? அதை எப்படி மறுபடி பயன்படுத்துறது?

ஒரு தோட்டாவில் நாலு பாகம்: பித்தளைக் கூடு, அடியில் பதித்த பிரைமர் (ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி), உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் ஒரு தடவையோடு தீர்ந்துவிடும். கூடு மட்டும் முழுசாகக் கையில் நிற்கும். நாலில் விலை கூடியதும் பெரும்பாலும் அதுதான். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை அது. விரிந்தாலும் கிழியாது, அமுக்கினால் பழைய வடிவுக்கு வரும்.

பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது, சைஸிங் டைக்குள் (கூட்டை இறுக்கி அளவாக்கும் எஃகு அச்சு) அழுத்திப் பழைய வடிவுக்குக் கொண்டுவருவது, நீளத்தை அளந்து வெட்டுவது, புதுப் பிரைமர், மருந்து, குண்டு என்று வேலை போகும். இதில் நடுவில் இருக்கும் 'நீளத்தை அளந்து வெட்டுவது' பற்றித்தான் இந்தப் பக்கம்.

இதை நம்ம ஊர்ல, வீட்டுல வச்சுச் செய்யலாமா மாமா?

கூடாது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. வீட்டில் துப்பாக்கி உரிமம் இருக்கிறதே என்று சிலர் கேட்கிறார்கள். அது துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம், தோட்டா தயாரிக்க உரிமம் இல்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். சட்டம் 'தோட்டா' என்று சொல்லும்போது அதன் பாகங்களையும் அதைத் தயாரிக்கும் கருவிகளையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே டையும் அதை மாட்டி அழுத்தும் பிரஸ்ஸும் பெட்டியில் போட்டு ஊருக்கு எடுத்துவரும் யோசனையே வேண்டாம்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை, விற்றால்தான் தேவை. ஆனால் மாநிலச் சட்டங்களை நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் துப்பாக்கி உரிமம் உள்ளவர்கள் அந்தந்த விதிக்குள் செய்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிகள் இதைப் படித்து அறிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லீவுக்கு வரும்போது நாலு காலிக் கூடு ஞாபகத்துக்குக் கொண்டு வரலாமா?

வேண்டாம். திருச்சியிலோ சென்னையிலோ விமான நிலைய ஸ்கேனில் கூடு தெரிந்தால், அது காலி என்பது பிறகுதான் தெரியும். முதலில் உங்களை வரிசையிலிருந்து ஒதுக்கி உட்கார வைத்துவிடுவார்கள். சட்டத்தின் 45ஆம் பிரிவு, மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்கு விலக்கு தருகிறது என்பது உண்மை. அதை நீங்கள் நிரூபிக்கும் இடம் ஊருக்கு வரும் வண்டியாக இருக்காது. கிளப்புக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மூலையில் ஒரு கூடு கிடந்தாலும் தொல்லைதான்.

கூடு ஏன் நீளுது? பித்தளைதானே, ரப்பரா என்ன?

சுடும்போது உள்ளே அழுத்தம் ஏறி, கூடு விரிந்து சேம்பரின் (துப்பாக்கிக் குழாயில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு நாம் அதை டைக்குள் தள்ளி உடம்பை இறுக்குகிறோம். பிசைந்த மாவைக் கையில் இறுக்கினால் விரலிடுக்கில் பிதுங்குவது போல, இறுக்கப்பட்ட பித்தளைக்குப் போக ஒரே வழி மேலே, குண்டைப் பிடிக்கும் குறுகிய கழுத்துப் பக்கம். டைக்கு உள்ளே கழுத்தை விரிக்க ஓர் உருண்டை இருக்கும். கூட்டை வெளியே இழுக்கும்போது அது கழுத்துக்குள் உராய்ந்து, இன்னும் கொஞ்சம் இழுத்து நீட்டிவிடும். கழுத்தின் உட்பக்கம் எண்ணெய்ப் பசை இல்லாமல் வறண்டிருந்தால் அந்த இழுப்பு அதிகம், 'கிறீச்' என்று சத்தமே கேட்கும்.

ஆக, நீளுவது பெரும்பாலும் டையில்தான் தெரியவரும். இதை மனசில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல கேள்விக்குப் பதில் தானாக வரும். தோள், அதாவது உடம்பு குறுகிக் கழுத்தாகும் சரிவு, வைத்த ரைபிள் கூடுகளில்தான் இது பெரிய விஷயம். நேர்ச் சுவருள்ள கைத்துப்பாக்கிக் கூடுகள் அவ்வளவாக நீளுவதில்லை.

நீண்டா என்ன இப்போ? கால் மில்லிமீட்டர்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன். சேம்பரில் கூட்டின் கழுத்து உட்காரும் இடம் ஒரு விளிம்போடு முடியும். அதற்கு அப்பால் துளை குறுகி, குழாயின் வரிப்பள்ளம் தொடங்கும். கூடு அளவு மீறி நீண்டிருந்தால் அதன் வாய் அந்த விளிம்பில் போய் முட்டும். போல்ட்டை (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் தாழ்) நீங்கள் அழுத்தி மூடும்போது வாய் உள்பக்கமாக மடங்கிக் குண்டைக் கவ்விக்கொள்ளும். சுடும்போது கழுத்து விரிந்து குண்டை விட வேண்டும், ஆனால் விரிய இடமில்லை. குண்டு நகரத் தாமதிக்கும் அந்தக் கணத்தில் அழுத்தம் எகிறும். அட்டவணைப்படி சரியாக மருந்து போட்டவருக்கும் இது நடக்கும். போல்ட்டின் நெம்பு பலம் அதிகம் என்பதால், கூடு முட்டுவது கையில் தெரியாமலே மூடிவிடவும் கூடும்.

இன்னொன்று, நீளம் ஒரே மாதிரி இல்லாவிட்டால் கழுத்து குண்டைப் பிடிக்கும் பிடியும் ஒரே மாதிரி இருக்காது. இலக்கில் குண்டுகள் சிதறும். வாயை நெரித்துக் குண்டைப் பூட்டுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நீளமான கூட்டில் நெரிப்பு கூடும், குட்டையில் ஏறவே ஏறாது.

எவ்வளவு வரைக்கும் விடலாம்? எவ்வளவுக்கு வெட்டணும்?

ஒவ்வொரு தோட்டாவுக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று உச்ச நீளம், அதைத் தாண்டவே கூடாது. இன்னொன்று வெட்டு நீளம், வெட்டும்போது இறக்க வேண்டிய அளவு. வழக்கமாக இரண்டுக்கும் 0.010 அங்குலம், அதாவது கால் மி.மீ. வித்தியாசம்.

அடிக்கடி கேட்கப்படுபவை: .308 வின்செஸ்டருக்கு உச்சம் 2.015 அங்குலம் (51.18 மி.மீ.), வெட்டு 2.005. .223 ரெமிங்டனுக்கு உச்சம் 1.760 (44.70 மி.மீ.), வெட்டு 1.750. .30-06க்கு உச்சம் 2.494, வெட்டு 2.484. 6.5 கிரீட்மோருக்கு உச்சம் 1.920, வெட்டு 1.910. .303 பிரிட்டிஷுக்கு உச்சம் 2.222, வெட்டு 2.212. உங்கள் கையேட்டில் உள்ள எண்ணை ஒருமுறை பார்த்துச் சரிபார்த்து, ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவிடுங்கள். இரண்டு ரகம் ரைபிள் வைத்திருப்பவர்கள் அட்டையையும் இரண்டாக எழுதுங்கள்.

எப்போ அளக்கணும்? சுட்ட உடனேயா, சைஸ் பண்ணின பிறகா?

சைஸ் பண்ணின பிறகு. காரணம் மேலே 'ஏன் நீளுது' என்ற கேள்வியில் இருக்கிறது. சுட்டு எடுத்த கூடு அகலமாக இருக்கும், அதனால் சில சமயம் நீளம் குறைவாகவே காட்டும். 'அளவுக்குள் இருக்கிறது' என்று எடுத்துவைத்தால், டையிலிருந்து வெளியே வரும்போது உச்சத்தைத் தாண்டியிருக்கும்.

வரிசை இப்படி வையுங்கள். முதலில் துடைத்துச் சுத்தம் செய்து, விரிசல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிறகு எண்ணெய்ப் பசை தடவி டையில் விடுங்கள், பெரும்பாலான டைகளில் பழைய பிரைமரும் அப்போதே வெளியே வந்துவிடும். எண்ணெய்ப் பசையைத் துடையுங்கள். அதற்கப்புறம் அளந்து, தேவையானதை வெட்டுங்கள். எண்ணெயைத் துடைக்காமல் வெட்டினால் பித்தளைத் தூள் கழுத்தில் ஒட்டிக்கொண்டு குழாய் வரை போய்ச் சேரும்.

வெர்னியர்ல ஒரே கூட்டை மூணு தடவை அளந்தா மூணு அளவு வருதே அண்ணே?

பெரும்பாலும் கூடு சாய்ந்து உட்காருகிறது. காலிப்பரின் ஒரு தாடையில் கூட்டின் அடியைத் தட்டையாக வைத்து, மற்றத் தாடையை வாய்மேல் மெதுவாகக் கொண்டுவந்து, கூட்டை விரலால் லேசாக உருட்டுங்கள். எண் ஏறி இறங்கும், அதில் வரும் மிகக் குறைந்த அளவுதான் உண்மை. தாடையை அழுத்தி இறுக்காதீர்கள். வாய் மெல்லியது, நசுங்கும்.

பழைய பிரைமர் உள்ளேயே இருந்தால் அது துளி வெளியே தள்ளி நின்று நீளத்தைக் கூட்டிக் காட்டும். வாயில் பிசிறு, தரையில் விழுந்த நசுக்கு இரண்டும் அப்படியே. எல்லாம் சரி, இன்னும் எண் ஆடுகிறது என்றால் காலிப்பர் பூஜ்யத்துக்குத் திரும்புகிறதா பாருங்கள். பேட்டரி இறங்கிய டிஜிட்டல் காலிப்பர் நம்மை ஏமாற்றும். என் விருப்பம் டயல் வைத்தது.

எந்த டிரிம்மர் வாங்கலாம்? விலை தலை சுத்துது.

மாதத்துக்கு ஒரு பெட்டி சுடுகிறவருக்கு லீ கம்பெனியின் சின்ன வெட்டி போதும். ஒரு எஃகுக் குச்சி கூட்டின் உள்ளே போய், பிரைமர் துவாரம் வழியாக இறங்கி அடியில் முட்டி நிற்கும். அதற்கு மேல் வெட்டாது. அந்தந்தத் தோட்டாவுக்கு அந்தந்தக் குச்சி, அளவை மாற்ற வழியில்லை. ஆரம்பத்தில் அது ஒரு குறை இல்லை, பாதுகாப்பு.

அடுத்தது குட்டி லேத் மாதிரியான கைச்சுற்று டிரிம்மர். ஃபார்ஸ்டர், ஆர்சிபிஎஸ், லைமன் எல்லாம் இந்த வகை. கூட்டின் அடியைக் கவ்வி, கழுத்துக்குள் ஒரு வழிகாட்டி முளை போய், பிளேடு வாயைச் சீவும். எந்த அளவுக்கும் வைத்துக்கொள்ளலாம். வில்சன் டிரிம்மர் கூட்டின் உடம்பை ஒரு உறைக்குள் பிடிக்கும். நேராக வெட்டுவதில் அதற்குத் தனிப் பெயர் உண்டு.

மூன்றாவது வகை மோட்டாரில் ஓடுவது, ஜிரோ மாதிரி. இவை அடியைப் பார்ப்பதில்லை, தோளில் முட்டி அளவெடுக்கின்றன. ஒரு கூட்டுக்குச் சில வினாடிதான், வெட்டும்போதே பிசிறும் எடுத்துவிடும். ஆனால் டையில் ஒரு கூட்டின் தோள் ஒரு மாதிரியும் இன்னொன்றின் தோள் வேறு மாதிரியும் உட்கார்ந்திருந்தால், அந்த வித்தியாசம் அப்படியே நீளத்தில் வந்து நிற்கும். சைஸிங் ஒரே சீராகக் கைவந்த பிறகு இதற்குப் போங்கள்.

டிரில் மெஷின்ல மாட்டிச் சுத்தலாமா?

மாட்டலாம், அதற்கென்றே முனை கொடுக்கிறார்கள். வேகத்தைக் குறைத்து, கை அழுத்தத்தையும் குறையுங்கள். நல்ல வெட்டில் பித்தளை மெல்லிய சுருளாகவோ ஒரே சீரான துகளாகவோ வரும், கூட்டின் வாய் கண்ணாடி மாதிரித் தட்டையாகத் தெரியும். வாயில் அலை அலையாகக் கோடு விழுந்தால் பிளேடு மழுங்கியிருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம். ஐந்தாறு கூட்டுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பூட்டுத் திருகு தளர்ந்து அளவு நகர்வது சகஜம்.

வெட்டியாச்சு. அவ்வளவுதானே?

இல்லை. வெட்டின வாயில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும். விரல் நுனியை ஓட்டினால் சுரண்டும். வெளிப்பிசிறை எடுக்காவிட்டால் சேம்பரில் உரசும். உள்பிசிறு குண்டின் செம்புத் தோலைச் சீவிவிடும், குண்டு கோணலாகவும் உட்காரும்.

இதற்கு இரண்டு பக்கமும் முனையுள்ள ஒரு சின்னக் கைக்கருவி உண்டு. உள்ளே இரண்டு மூன்று சுற்று, வெளியே இரண்டு சுற்று, போதும். உற்சாகத்தில் கத்திமுனை மாதிரிக் கூராக்கிவிடாதீர்கள். விளிம்பில் மெல்லிய பளபளப்பான வளையம் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். கடைசியாகக் கூட்டைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே தூள் இல்லை என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஒவ்வொரு தடவையும் வெட்டணுமா?

ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். உச்சத்தை நெருங்கினால் வெட்டினால் போதும். இலக்குச் சுடுகிறவர்கள் சிலர் எல்லாக் கூட்டையும் ஒரே நீளத்தில் வைத்திருக்க ஒவ்வொரு முறையும் வெட்டுவார்கள், தப்பில்லை. ஆனால் ஒன்று வெட்டினால் அந்தத் தொகுதி முழுவதையும் வெட்டுங்கள். ஒரு பெட்டிக் கூடுகள் ஒரே தடவை சுடப்பட்டு, ஒரே தடவை வெட்டப்பட்டு, ஒன்றாகவே வயதாக வேண்டும். பல கம்பெனிக் கூடுகளைக் கலந்து வைத்தால் சுவரின் கனமே மாறும், எந்தக் கணக்கும் நிற்காது.

புதுக் கூடு வாங்கினாலும் அளந்து பாருங்கள். பெரும்பாலும் வெட்டு நீளத்துக்கு ஒட்டியே இருக்கும், வாய் மட்டும் வழியில் அடிபட்டுக் கோணியிருக்கும்.

வீட்டுல குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளி போட்டுத் தேய்ச்சா கூடு பளிச்சுன்னு ஆகாதா?

ஆகும். புளியில் இருப்பதும் அமிலம்தான். அங்கே எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், துளி கலந்த வெந்நீரில் கொஞ்ச நேரம் போட்டு நன்றாக அலசிக் காயவைப்பார்கள். அளவு மீறினால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு நிறம் காட்டும். புளியில் நார், சக்கை எல்லாம் இருப்பதால் பிரைமர் துவாரத்தில் அடைக்கும். விளக்குக்குப் புளி, கூட்டுக்கு சிட்ரிக் அமிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாதது அம்மோனியா. கடையில் கிடைக்கும் சில பித்தளைப் பாலிஷ்களில் அது இருக்கிறது. இதற்குப் பின்னால் நம் நாட்டுக் கதையே ஒன்று உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் ராணுவத் தோட்டாக்கள் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. அவை குதிரை லாயங்களில் சேமிக்கப்பட்டிருந்தன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, உள்ளே இறுக்கம் தேங்கியிருந்த பித்தளையைப் பிளந்திருக்கின்றன. காரணம் 1921இல்தான் தெளிவாக விளக்கப்பட்டது. அதனால் பண்ணையில் வேலை பார்க்கும் தம்பிகளே, கூட்டுப் பெட்டியை மாட்டுக் கொட்டகையிலோ யூரியா மூட்டை இருக்கும் அறையிலோ வைக்காதீர்கள்.

அந்தத் தூள் குழந்தைகளுக்கு ஆகாதுன்னு என் வீட்டுக்காரி சொல்றா. நிஜமா?

நிஜம். பித்தளைத் தூள் குத்தும், கண்ணில் விழுந்தால் ஆபத்து, கண்ணாடி கட்டாயம். அதைவிடப் பெரியது பிரைமர் எரிந்த கரி. வழக்கமான பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு, கூட்டின் உள்ளே கறுப்பாக ஒட்டியிருப்பதில் அது இருக்கும். சாப்பிடும் மேசையில் இந்த வேலை கூடாது. தூளை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். கூடு கழுவின தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தங்கச்சி சொல்வதைக் கேளுங்கள்.

நான் இங்கே ரைபிள் கிளப்புல .22 சுடுறேன் சார். அந்தக் கூட்டையும் இப்படிச் செய்யலாமா?

செய்ய முடியாது. .22 லாங் ரைபிள் தோட்டாவில் தனி பிரைமர் கிடையாது. தீப்பற்றும் கலவை கூட்டின் அடி விளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கித்தான் சுடுகிறது. நசுங்கிய விளிம்பு மறுபடி எழாது. நடுவில் பிரைமர் உள்ள கூடுகளுக்கு மட்டும்தான் இந்தப் பக்கத்தில் உள்ளதெல்லாம் பொருந்தும். அதிலும் இந்தியாவில் உங்களுக்கான பதில் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

தெரியாம அதிகமா வெட்டிட்டேன். தூக்கிப் போடணுமா?

வெட்டு நீளத்துக்குக் கீழே ஓரிரு நூற்றில் ஒரு பங்கு மி.மீ. என்றால் கவலையே வேண்டாம். நீளத்தில் ஆபத்து மேல்பக்கம்தான். கீழே போனால் கழுத்தின் பிடி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அவற்றைத் தனியாக வைத்துப் பயிற்சிக்குச் சுடுங்கள், அடுத்த இரண்டு மூன்று சுற்றில் வளர்ந்துவிடும். பார்த்தாலே தெரிகிற அளவுக்குக் குட்டையாகவோ வாய் சாய்வாகவோ வெட்டுப்பட்டிருந்தால் மட்டும் நசுக்கிப் பழைய பித்தளையில் போடுங்கள்.

மத்தவங்களுக்கு நாலு தடவைக்கு ஒருமுறைதான் வெட்டறாங்க. எனக்கு ஒவ்வொரு தடவையும் வெட்ட வேண்டியிருக்கு. ஏன் மாமா?

இதை அலட்சியப்படுத்தாதீர்கள். முன்னால் வளர்ந்த பித்தளை எங்கிருந்தோ வந்திருக்கிறது. டையை மிகக் கீழே இறக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் தோளைத் தேவைக்கு அதிகமாகப் பின்னால் தள்ளுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது சேம்பரில் கூட்டுக்கு முன்னும் பின்னும் இடைவெளி கிடைக்கும். சுடும்போது கூட்டின் முன்பாகம் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடி மட்டும் பின்னால் போகும். இரண்டுக்கும் நடுவில், அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, சுவர் இழுபட்டு மெலியும். நீங்கள் வாயில் வெட்டி எறிவது அங்கே குறைகிறது.

ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கூராக்கி, சின்னதாக மடக்குங்கள். கூட்டுக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரோடு மேலே இழுங்கள். நல்ல கூட்டில் வழுக்கிக்கொண்டு வரும். மெலிந்த கூட்டில் அந்த இடத்தில் ஒரு பள்ளத்தில் சிக்கும். வெளியே அதே உயரத்தில் பளபளப்பான வளையமும் தெரியலாம். சிக்கினால் அந்தத் தொகுதி முழுவதும் முடிந்தது. அடுத்த சூட்டில் அடி தனியாகப் பிய்ந்துவரும், சூடான வாயு முகத்தை நோக்கி வரும். தோளை அளக்கும் கேஜ் வாங்கி, போல்ட் ரைபிளுக்கு 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் தோள் பின்வாங்கும்படி டையை வையுங்கள். வெட்டும் வேலை தானாகக் குறையும்.

கழுத்துல விரிசல் வருது. காய்ச்சினா சரியாகும்னு ஒருத்தர் சொல்றார்.

விரிசல் விட்டது சரியாகாது, அதை எறிந்துவிடுங்கள். இனி வராமல் இருக்கக் காய்ச்சலாம். கும்பகோணம் பாத்திரப் பட்டறையில் கன்னார் பித்தளைத் தகட்டை அடித்துக்கொண்டே இருக்க மாட்டார். அடிக்க அடிக்கத் தகடு முறுகும். நடுநடுவே அடுப்பில் காட்டி இளக்கிவிட்டுத்தான் மறுபடி அடிப்பார், இல்லாவிட்டால் ஓரம் பிளக்கும். கூட்டின் கழுத்தும் சுடும்போதும் டையிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி அப்படித்தான் முறுகுகிறது. முறுகின கழுத்து டையிலிருந்து வந்தபின் எழும்பி நிற்கும், கூட்டுக்குக் கூடு பிடி மாறும், வெட்டும்போது பிளேடும் அதிரும்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. இளக வேண்டியது கழுத்தும் தோளும் மட்டும். கூட்டின் அடி கடினமாகவே இருக்க வேண்டும், அழுத்தத்தைத் தாங்குவது அதுதான். அடி வரை சூடு இறங்கிய கூட்டை மறுபடி கடினமாக்க வழியில்லை. இரும்பைப் போல இல்லாமல், பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் அது கடினமாகாது, சூடு கீழே இறங்குவதை மட்டும் நிறுத்தும். செய்து பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டாமல் இதைத் தொடங்காதீர்கள்.

என் சேம்பர் புத்தக அளவைவிட நீளமா இருக்குன்னு சொல்றாங்க. அப்போ கூட்டையும் நீளமா விடலாமா?

பல ரைபிள்களில் சேம்பரின் கழுத்து உச்ச அளவைவிடக் கொஞ்சம் நீளமாகவே குடையப்பட்டிருக்கும். அதை அளக்க, குட்டையாக வெட்டிய கூட்டின் வாயில் செருகும் சின்ன எஃகு முளை கிடைக்கிறது. மூடினால் முளை உள்ளே தள்ளப்பட்டு உண்மையான நீளத்தைக் காட்டும். போட்டிக்குச் சுடும் அனுபவசாலிகள் சிலர் அந்த எண்ணிலிருந்து கொஞ்சம் குறைத்துத் தங்கள் வெட்டு நீளத்தை வைத்துக்கொள்கிறார்கள்.

நீங்கள் அதைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கூடு இன்னொரு ரைபிளில் போனால் மேலே 'கால் மில்லிமீட்டர்' கேள்வியில் சொன்னது அப்படியே நடக்கும். கிளப்பில் தோட்டா கைமாறுவது சாதாரணம். முளையால் அளந்து தெரிந்துகொள்ளுங்கள், வெட்டும்போது புத்தக அளவிலேயே வெட்டுங்கள்.

எல்லாக் கூடும் அளவுக்குள்ள இருக்கு, ஆனாலும் போல்ட் இறுக்கமா மூடுது. இன்னும் வெட்டணுமா?

வெட்டாதீர்கள். காலிப்பர் சரி என்று சொன்னால் முட்டுவது வாய் இல்லை. சைஸ் செய்து வெட்டிய, பிரைமரும் மருந்தும் குண்டும் இல்லாத வெறுங்கூட்டைச் சேம்பரில் விட்டு மூடிப் பாருங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் தோள் போதுமான அளவு பின்னால் போகவில்லை, டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். கூட்டின் கழுத்து, தோள், உடம்பு எல்லாவற்றையும் கறுப்பு மார்க்கரால் பூசி ஒருமுறை மூடித் திறந்தால், எங்கே உரசுகிறது என்று மை அழிந்த இடம் காட்டும்.

வெறுங்கூடு சுலபமாக மூடி, குண்டு செருகியதும் இறுகினால் குண்டு வரிப்பள்ளத்தில் முட்டுகிறது. அல்லது கழுத்துச் சுவர் தடித்து, குண்டு போனதும் கழுத்து பருத்திருக்கிறது. பலமுறை சுட்டு வெட்டிய கூடுகளில் தோளிலிருந்து பித்தளை கழுத்துக்கு நகர்ந்து, கழுத்தும் தோளும் சேருமிடத்தில் உள்ளே ஒரு தடிப்பு வளையம் உருவாகும். சுட்ட கூட்டின் வாய்க்குள் ஒரு குண்டை விரலால் விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் அடிக்கழுத்து வரை இறங்க வேண்டும். அங்கே நின்றால் அந்தத் தடிப்பைக் கழுத்து ரீமரால் எடுக்க வேண்டும். அது உங்களுக்குப் புதுசு என்றால் அந்தத் தொகுதியை ஓய்வு கொடுத்துவிட்டுப் புதுக் கூடு வாங்குங்கள்.